அஞ்சடி: நடப்போர் உரிமையின் வரலாறு

நகரின் நடுவிடத்தைச் சீர்படுத்துவது என்றவுடன் பலரும் சதுக்கத்தையே நினைப்பர். கல் பாவுவதும், மரம் நடுவதும், நீரூற்று அமைப்பதும் கண்ணுக்கு இனியவையே. ஆயினும், மக்கள் கால்நடையாக வந்து சேர வழியில்லையேல் அச்சதுக்கம் வெறும் காட்சிப்பொருளாக நின்றுவிடும். சதுக்கம் குளமென்றால், நடைவழிகள் அதற்கு நீர் கொணரும் வாய்க்கால்கள். இவ்வுண்மையைக் கற்பிக்கும் வரலாறு நம் கடைவீதிகளிலேயே இருக்கிறது. மலாய் மொழியில் 'காக்கி லீமா' என்றும், நம் மக்கள் பேச்சில் 'அஞ்சடி' என்றும் வழங்கும் தாழ்வாரத்தின் வரலாறே அது.

ராபிள்ஸின் விதி

1822-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், ஸ்டாம்ஃபோர்டு ராபிள்ஸ் சிங்கப்பூர் நகரக் குழுவுக்கு விரிவான அறிவுரைகளை எழுதினார். ஒவ்வொரு வீட்டின் முன்பும் குறித்த அகலத்தில் தாழ்வாரம் விடவேண்டும். அது எந்நேரமும் திறந்திருக்கவேண்டும். தெருவின் இரு மருங்கிலும் இடையறாது தொடரும் கூரையிட்ட வழியாக விளங்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வெயிலும் மழையும் மாறிமாறி வரும் இந்நாட்டிற்கு ஏற்ற விதி அது.

அதே காலத்தில் ஆற்றின் தென்கரையிலிருந்த குன்றை வெட்டி, அம்மண்ணால் அருகிலிருந்த சதுப்பை நிரப்பினர். குன்றிருந்த இடம் 'கமர்சியல் ஸ்குவேர்' என்னும் வணிகச் சதுக்கமாயிற்று. 1858-இல் 'ராபிள்ஸ் பிளேஸ்' எனப் பெயர் பெற்றது. அதனை அடுத்த மார்க்கெட் ஸ்திரீட்டில் நம் செட்டியார்களின் கிட்டங்கிகள் நெடுங்காலம் இருந்தன. இவ்வாறு சதுக்கமும் நடைவழியும் ஒரே காலத்தில், ஒரே நகரமைப்பில் பிறந்தவை.

திண்ணையும் அஞ்சடியும்

அஞ்சடியைக் காணும் தமிழருக்குத் திண்ணை நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. திண்ணை வீட்டுக்காரர் வழிப்போக்கருக்கு மனமுவந்து அளிக்கும் இடம். அஞ்சடியோ, நிலம் வீட்டுக்காரருடையதாயினும், வழிநடப்போர் கேளாமலே பெறும் உரிமை. முன்னது கொடை, பின்னது சட்டம். இவ்வேறுபாடு தெளிவாக உணரப்படாமையே பின்னர் எழுந்த பூசல்களுக்கெல்லாம் வேர்.

கடைக்காரர் அங்கே சரக்கை அடுக்கினர். முடி திருத்துவோரும், செருப்புத் தைப்போரும், சிற்றுண்டி விற்போரும் அங்கேயே பிழைத்தனர். நடப்பவரோ வண்டிகளுக்கிடையே தெருவில் இறங்கவேண்டியதாயிற்று. 1888-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் நகராண்மைக் கழகத்தார் அஞ்சடிகளை வலிந்து ஒழிக்க முற்பட்டபோது, கடைகள் அடைக்கப்பட்டன, கலகம் மூண்டது. முடிவில், நடப்பவர்க்கு வழிவிட்டுச் சரக்கு வைத்துக்கொள்ளலாம் என்னும் சமரசமே நிலைத்தது.

இதில் யார் குற்றவாளி? எளிதில் கூறவியலாது. நடப்பவரும் ஏழை, விற்பவரும் ஏழை. ஒருவருக்கு வழி வேண்டும். மற்றவருக்கு வயிறு நிரம்பவேண்டும். விரட்டுவதால் தீராத இச்சிக்கல் மாற்றிடம் கொடுத்தபோதுதான் பெரிதும் தீர்ந்தது. 1970-களிலும் 1980-களின் முற்பகுதியிலும் சிங்கப்பூரின் தெருவோர வியாபாரிகள் நீர்வசதியும் கழிவுநீர் வசதியும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர்.

கோலாலம்பூரில்

1881-ஆம் ஆண்டு சனவரியில் தீயும், டிசம்பரில் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. மறு ஆண்டு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், அத்தாப்புக் குடிசைகளுக்கு மாறாகச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டிடங்கள் எழவேண்டுமென வற்புறுத்தினார். அப்புதிய கடைவரிசைகளோடு அஞ்சடியும் அங்கே வேரூன்றியது.

இன்றும் பழைய சந்தைச் சதுக்கமான மேடான் பாசாரில் 1937-இல் எழுந்த மணிக்கூண்டைக் காணலாம். அங்கிருந்து செட்டியார்கள் தொழில் நடத்திய லெபோ அம்பாங்கிற்கும், கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடுமிடத்தில் 1909-இல் திறக்கப்பட்ட ஜாமிஆ பள்ளிவாசலுக்கும் நடந்தே போகலாம். பேருந்துகள் நெருக்கிய அச்சதுக்கம் பிற்காலத்தில் நடப்போர்க்கென மாற்றப்பட்டது நன்று. அதனைச் சுற்றியுள்ள வழிகளும் அவ்வாறே பேணப்பட்டால்தான் அந்நன்மை முழுமை பெறும்.

அறுந்த கண்ணிகள்

2013-இல் சிங்கப்பூர் தொடங்கிய ஒரு திட்டம், ரயில் நிலையங்களிலிருந்து 400 மீட்டர் தொலைவுக்குள் கூரையிட்ட நடைபாதைகளை விரித்தது. 1822-ஆம் ஆண்டின் கருத்தே புதுவடிவில் திரும்பி வந்தது எனலாம்.

நம் சிற்றூர்களிலோ அஞ்சடி இருந்தும் தொடர்ச்சி இல்லை. ஒரு கடையின் தளம் உயர்ந்தும், அடுத்ததன் தளம் தாழ்ந்தும் கிடக்கின்றன. ஓரிடத்தில் மோட்டார்சைக்கிள் நிற்கிறது; மற்றோரிடத்தில் இரும்புக் கம்பிக் கதவு வழியை அடைக்கிறது. இளைஞர் தாண்டிவிடுவர். முதியவரும், கைக்குழந்தையுடன் வரும் தாயும், சக்கர நாற்காலியில் வருபவரும் என்ன செய்வர்? பத்துக் கடைகளில் ஒன்பது வழிவிட்டு ஒன்று அடைத்தாலும் அவர்களுக்கு வழி இல்லை என்பதே பொருள்.

ஆசிரியர்கள் இதனை உள்ளூர் வரலாற்றுப் பாடமாக நடத்தலாம். மாணவரை அழைத்துச் சென்று ஒரு கடைவரிசையின் அஞ்சடியை அளக்கச் செய்யுங்கள். எத்தனை அடி அகலம், எத்தனை இடத்தில் படி, எத்தனை இடத்தில் தடை என்று அவர்கள் பட்டியலிடட்டும். அப்பட்டியலை ஊராட்சியாளர்க்கும் அனுப்பலாம். நகரைத் திருத்தும் வேலை ஓர் அளவுகோலில் தொடங்கக்கூடும் என்பதை நம் பிள்ளைகள் கண்டறிவர்.