ஹார்ட்வேர் தப்பு, சாஃப்ட்வேர் தலையில்!

"ஹார்ட்வேர்ல இருக்கிற தப்பை சாஃப்ட்வேர்ல சரி பண்ணிடுங்க"ன்னு மேனேஜர் சொல்லும்போதெல்லாம் எனக்கு சுர்ருனு ஏறும். ஒரு டெலஸ்கோப் கதையைப் படிச்சப்புறம்தான் அந்தக் கோபம் கொஞ்சம் தணிஞ்சது.

பெரிய டெலஸ்கோப்புக்கு ரெண்டு வேலை. கேட்ட நட்சத்திரத்தைச் சரியாகக் குறிபார்க்கணும், அப்புறம் அதை விடாமத் தொடரணும். பூமி சுத்துறதால வானம் விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகருது. (ஒரு டிகிரியை 3600 துண்டாக்கினா ஒரு துண்டுதான் ஒரு ஆர்க்செகண்ட்.)

1948-ல் திறந்த பாலோமர் 200 அங்குல ஹேல் டெலஸ்கோப்பில் இதுக்கு இரும்பிலேயே பதில் தேடினாங்க. அதைத் தாங்குற குதிரைலாட வடிவ பேரிங்கை வேணும்னே வட்டம் தப்பிக் கடைஞ்சாங்க. பாரம் ஏறினதும் நெளிஞ்சு சரியான வட்டமாகணுமாம். என்ன மூளை பாருங்க!

ஆனா எவ்வளவுதான் கடைஞ்சாலும் குழாய் சாயச் சாய தொய்யும். அச்சு துல்லியமா வானத்துத் துருவத்தைப் பார்க்காது. காற்று வேற ஒளியை வளைக்கும். 45 டிகிரி உயரத்தில் இருக்கிற நட்சத்திரத்தையே சுமார் 60 ஆர்க்செகண்ட் தூக்கிக் காட்டும்.

1974-ல் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் மலையில் 3.9 மீட்டர் ஆங்கிலோ-ஆஸ்திரேலியன் டெலஸ்கோப் திறக்கப்பட்டது. ஆரம்பத்திலிருந்தே ஓட்டுநர் கம்ப்யூட்டர்தான். அதுக்கு மென்பொருள் எழுதினவர்களில் முக்கியமானவர் பாட் வாலஸ். இரும்பு தப்பு செய்யட்டும், ஆனா தினமும் ஒரே மாதிரி தப்பு செய்தால் போதும் என்பதுதான் அணுகுமுறை. இடம் தெரிந்த நட்சத்திரங்களை வானம் பூரா குறிபார்த்து, எங்கே எவ்வளவு விலகுதுன்னு அளந்தாங்க. தொய்வுக்கு ஒரு திருத்தம், அச்சுக் கோணலுக்கு ஒண்ணுன்னு எல்லாம் ஒரே கணக்கில் சேர்ந்தது. கிடைச்ச துல்லியம் சுமார் 2 ஆர்க்செகண்ட். ரெண்டரை கிலோமீட்டர் தள்ளி வெச்ச ஒரு ரூபாய் காசு ஏறக்குறைய அவ்வளவுதான் தெரியும்.

இது வெறும் பெருமைக்கு இல்லீங்க. வேலா பல்சார் விநாடிக்கு 11 தடவை துடிக்கும் நட்சத்திரம். 1968-லேயே ரேடியோவில் கண்டுபிடிச்சாச்சு. ஆனா ஒளியில் அது வெறும் கண்ணுக்குத் தெரியும் கடைசி நட்சத்திரத்தை விட ஒரு கோடி மடங்குக்கு மேல மங்கல். பார்த்துக் குறிவைக்க வழியே கிடையாது. ரேடியோ சொன்ன இடத்தை நம்பித் திருப்பணும், அங்கேயே அசையாமப் பிடிச்சு ஃபோட்டான்களை எண்ணணும். 1977-ல் இந்த டெலஸ்கோப்தான் அதன் ஒளித் துடிப்பை முதன்முதலாப் பிடிச்சது. அந்தக் கட்டுரையில் முதல் பேர் வாலஸோடது!

இந்தப் பதிவை மட்டும் என் மேனேஜர் கண்ணில் காட்டிடாதீங்க மக்களே :-)