பெயர் அழிந்த மன்னன்

பண்டை எகிப்தியர் பெயரை உயிரின் ஒரு கூறாகவே போற்றினர். இறந்தவரின் உடலைப் பதப்படுத்திக் காத்ததுபோலவே அவர்தம் பெயரையும் கல்லில் பொறித்துக் காத்தனர். பெயர் ஒலிக்கும் வரை இறந்தவருக்கும் வாழ்வு உண்டு; பெயர் சிதைந்தால் மறுமையும் சிதையும் என்பது அவர்தம் நம்பிக்கை. இதனை உளங்கொண்டு நோக்கினால்தான் துட்டன்காமுன் என்னும் இளம் மன்னனின் குறுகிய ஆட்சி நமக்குத் தெளிவாக விளங்கும்.

அவனுக்குச் சில ஆண்டுகள் முன்னர் எகிப்தை ஆண்ட அக்கெனாதென், கதிரவ வட்டமாகிய அதென் ஒன்றையே முதன்மைப்படுத்தினான். இன்று அமர்னா எனப்படும் இடத்தில் புதிய தலைநகர் கண்டான். தேபஸ் நகரின் பெருந்தெய்வமாகிய அமுனின் பெயரைக் கோயிற் சுவர்களிலிருந்து உளிகொண்டு கொத்தியெறியச் செய்தான். அவன் தந்தை அமென்ஹோதெப்பின் பெயரிலும் 'அமுன்' கலந்திருந்தமையால், அப்பெயரும் அவ்வுளிக்குத் தப்பவில்லை.

கி.மு. 1332 அளவில் அரியணை ஏறியபோது துட்டன்காமுனுக்கு வயது எட்டு அல்லது ஒன்பது. அப்போது அவன் பெயர் துட்டன்காதென்; 'அதெனின் உயிருள்ள உருவம்' என்பது அதன் பொருள். சில ஆண்டுகளில் அப்பெயர் 'அமுனின் உயிருள்ள உருவம்' எனப் பொருள்படும் துட்டன்காமுன் என மாறிற்று. அரசியும் அங்கேசெனாமுன் எனப் பெயர் மாற்றம் பெற்றாள். அரசவை அமர்னாவை விட்டகன்றது.

கர்னாக்கில் 1905-ஆம் ஆண்டு கிடைத்த கல்வெட்டு ஒன்று இம்மாற்றத்தைப் பேசுகிறது. கோயில்கள் பாழ்பட்டுப் புதர் மண்டிக் கிடந்ததையும், வேண்டியோர்க்குத் தெய்வங்கள் செவிசாய்க்காததையும், இம்மன்னன் அவற்றை மீண்டும் நிலைநிறுத்தியதையும் அது விவரிக்கிறது. சொற்கள் மன்னனுடையனவாக இருப்பினும், அவன் அப்போது சிறுவன். ஆட்சியைத் தாங்கியவர்கள் முதியவராகிய ஆய், படைத்தலைவராகிய ஹொரெம்ஹெப் போன்றோரே. தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையேனும் அச்சிறுவனுக்கு இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. அவனுடைய பொன் அரியணையில் பழைய பெயரும் புதிய பெயரும் ஒருங்கே காணப்படுகின்றன. தந்தையர் காலத்துக் கடவுளுக்கும் அமைச்சர் காலத்துக் கடவுளுக்கும் இடையில் நின்ற ஒரு பிள்ளையின் நிலைமைக்கு அவ்வரியணையே சான்று.

ஏறத்தாழப் பத்தொன்பது வயதில், கி.மு. 1323 அளவில், அவன் இறந்தான். ஆய் சில காலம் ஆண்டான். பின்னர் ஹொரெம்ஹெப் அரசனானான். அமுனை மீட்ட பெருமையைப் பேசும் அந்தக் கல்வெட்டிலேயே துட்டன்காமுனின் பெயர் நீக்கப்பட்டு ஹொரெம்ஹெப்பின் பெயர் பொறிக்கப்பட்டது. பின்வந்த முதலாம் சேத்தி அபைடாஸ் கோயிலில் பொறித்த மன்னர் வரிசை, மூன்றாம் அமென்ஹோதெப்பை அடுத்து நேரே ஹொரெம்ஹெப்பைக் கூறுகிறது. இடைப்பட்ட மன்னர் எவரும் அதில் இல்லை. அமுனின் பெயரை அழித்தவனும் அதனை மீட்டவனும் ஒன்றாகவே விலக்கப்பட்டனர்.

ஆயினும் கல்லறை காத்தது. அடக்கம் நிகழ்ந்த சில ஆண்டுகளிலேயே கள்வர் இருமுறை புகுந்தனர். அதன்பின் வாயில் மீண்டும் முத்திரையிடப்பட்டது. காலப்போக்கில் மண்ணும் கற்குவியலும் அதனை மூடின. ஆறாம் ராம்சேஸின் கல்லறையை அமைத்த தொழிலாளர்கள் அதன்மேலேயே குடிசைகள் கட்டினர். ஹோவர்ட் கார்ட்டரின் குழுவினர் 1922 நவம்பர் 4 அன்று முதற்படியைக் கண்டனர். உள்ளே 5,398 பொருள்கள் இருந்தன. பொன் முகமூடியோடு, மன்னனின் பெயரும் எண்ணற்ற இடங்களில் பொறித்தபடியே கிடைத்தது. உயரமான சுவர்களில் அழிந்துபோன பெயர், இருண்ட அறைக்குள் அழியாதிருந்தது.

அங்கிருந்த மதுச்சாடிகளில் ஆட்சியாண்டும், திராட்சைத் தோட்டமும், மது வடித்தவரின் பெயரும் எழுதப்பட்டுள்ளன. மன்னர் வரிசையில் மன்னனுக்கே இடமில்லாதபோது, அவனுக்கு மது வடித்த எளியோர் பெயரோடு நிலைத்தனர். அதே கல்லறையில் இரு சிறு சவப்பெட்டிகளும் இருந்தன. அவற்றுள் முழுவளர்ச்சி எய்தாமல் இறந்த இரு மகவுகளின் உடல்கள் கிடந்தன. மன்னனின் மகள்களாகக் கருதப்படும் அவர்களைச் சவப்பெட்டிகள் 'ஓசிரிஸ்' என்ற பொதுப்பெயராலேயே சுட்டுகின்றன. சொந்தப் பெயர் எதுவும் அவற்றில் இல்லை.

அவனைத் தந்தையாக நினைவுகூரப் பிள்ளை எவரும் எஞ்சவில்லை. சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் அந்தப் பொன் முகமூடியைப் பாடும்போது, பெயரே பெறாத அந்த இரு மகவுகளையும் ஒருகணம் நினைத்தல் நலம்.