சொன்னவர் காலமும் சொல்பவர் காலமும்

அந்தமானின் பீனிக்ஸ் பே ஜெட்டியில் உள்ள டிக்கெட் கவுண்டரில் இருப்பவர், "கப்பல் நாளைக்குக் கிளம்பும்" என்கிறார். கேட்டவர் வீட்டுக்கு வந்து, "கப்பல் நாளைக்குக் கிளம்பும்னு சொன்னாங்க" என்கிறார். கவுண்டரில் கேட்ட சொற்கள் அப்படியே வீடு வந்து சேர்ந்துவிட்டன. வழியில் ஒட்டிக்கொண்டது 'என்று' ஒன்றுதான். இதையே அவருடைய மகள் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் எழுதினால் 'வில்' என்பது 'வுட்' ஆக வேண்டும். 'டுமாரோ' என்பது 'தி நெக்ஸ்ட் டே' ஆக வேண்டும். ஆகாவிட்டால் மதிப்பெண் போய்விடும்.

அந்தமான் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடக்கின்றன. அதன் ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆங்கில இலக்கணத்தில் 'ரிப்போர்ட்டட் ஸ்பீச்' எனப்படும் அயற்கூற்றுக்குத் தனி இடம் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் இதில் ஏன் தடுக்குகிறார்கள் என்பதற்கு 'கவனக்குறைவு' என்ற பதில் தயாராக இருக்கிறது. இரண்டு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பதில் நிற்காது.

தமிழில் வினைச்சொல் சொன்னவருடைய காலத்தை விட்டு நகராது. 'வருவேன் என்று சொன்னான்' என்பதில் 'சொன்னான்' இறந்தகாலம், 'வருவேன்' எதிர்காலம். இரண்டும் சண்டையில்லாமல் ஒரே வாக்கியத்தில் குடியிருக்கின்றன. 'வருவதாகச் சொன்னான்' என்று முழு அயற்கூற்றாக மாற்றினாலும் தன்மை விகுதிதான் மறைகிறதே தவிர காலம் மாறவில்லை. ஆங்கிலமோ சொல்பவர் நிற்கும் இடத்திலிருந்து கணக்குப் போடுகிறது. 'செட்' என்று தொடங்கிவிட்டால், பின்னால் வரும் வினையையும் பெரும்பாலும் இறந்தகாலப் பக்கம் இழுத்துக்கொள்ளும். பிள்ளை 'ஹி செட் ஹி வில் கம்' என்று எழுதும்போது அது கவனம் தவறி எழுதியதல்ல. தாய்மொழியின் கணக்கைச் சரியாகப் போட்டு, ஆங்கிலத் தாளில் விடையை எழுதியிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து அதே செய்தியைச் சொல்லிப் பாருங்கள். "மறுநாள் கப்பல் கிளம்பும்னு சொன்னாங்க." நாளைக் குறிக்கும் சொல் மாறிவிட்டது, வினை அசையவில்லை. கப்பல் கிளம்பவில்லை என்று உணர்த்த வேண்டுமானால்? "கிளம்பும்னுதான் சொன்னாங்க." அந்தத் 'தான்' போதும், கடல் கொந்தளித்ததோ, இயந்திரம் பழுதானதோ, பயணம் நடக்கவில்லை என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் 'வுட்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்தச் சந்தேகத்துக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆனால் அது வெறும் இலக்கண மாற்றமா, உள்ளே குறிப்பு இருக்கிறதா என்பதைச் சூழலை வைத்துத்தான் பிரிக்க முடியும். இந்த இடத்தில் தமிழ்தான் துல்லியம் என்பது என் கட்சி.

கேள்விகளில் சிக்கல் இன்னும் கூடும். 'எங்கே போறேன்னு கேட்டார்' என்பதில் கேள்வி கேள்வியாகவே இருக்கிறது. ஆங்கிலம் அதன் வரிசையைக் கலைத்து, 'ஹி ஆஸ்க்ட் வேர் ஐ வாஸ் கோயிங்' என்று சாதாரண வாக்கியமாக்கிவிடும். 'என்று' இருக்கும் இடத்திலெல்லாம் 'தட்' போட்டுப் பழகிய பிள்ளை, 'ஹி ஆஸ்க்ட் மீ தட் வேர் ஆர் யூ கோயிங்' என்று எழுதும். கட்டளையில் இந்தத் தொல்லையே இல்லை. 'வரச் சொன்னார்' என்பதும் 'டோல்ட் மீ டு கம்' என்பதும் கிட்டத்தட்ட ஒரே அமைப்பு. பாடத்தை இங்கிருந்து தொடங்காமல், 'வில்'லை 'வுட்' ஆக்குவதிலிருந்து தொடங்குவது எனக்கு விளங்காத வழக்கம்.

சொல் தேர்விலும் இதே கதைதான். நம் 'சொல்' என்ற ஒரு வினை, கேட்பவரைக் குறிப்பிட்டாலும் குறிப்பிடாவிட்டாலும் வேலை செய்யும். ஆங்கிலத்தில் 'டெல்' என்றால் யாரிடம் என்று பின்னாலேயே வர வேண்டும், 'சே' என்றால் வேண்டியதில்லை. 'ஹி டோல்ட் தட்', 'ஹி செட் மீ' இரண்டும் இங்கே பிறப்பவை. 'கப்பல் இல்லையாம்' என்பதில் வரும் 'ஆம்' இன்னும் சுவாரசியமானது. 'கேள்விப்பட்டேன், பொறுப்பு எனதல்ல' என்பதை ஒரே அசையில் முடித்துவிடுகிறது. அதற்கு ஈடு தேடித்தான் தென்னிந்திய ஆங்கிலத்தில் வாக்கியக் கடைசியில் 'இட் சீம்ஸ்' வந்து உட்கார்ந்தது. வெளிநாட்டவர் காதில் அது சொல்பவருடைய சொந்த ஊகமாக விழும்.

அந்தமான் வகுப்பறைக்கு ஒரு வசதி உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் வங்காளம் பேசுவோர் சுமார் 28 சதவீதம், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. ஒரே பெஞ்சில் நான்கு தாய்மொழிகள் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இந்த நான்கும் அயற்கூற்றில் ஆங்கிலம்போல வினையை இறந்தகாலத்துக்கு இழுக்கும் கட்டாயம் இல்லாதவை. தெலுங்கின் 'அனி' நம் 'என்று' போலவே பின்னால் வரும். இந்தியின் 'கி' முன்னால் வரும். காலக் கணக்கு ஒன்றுதான். ரஷ்ய மொழியும் ஜப்பானிய மொழியும்கூட நம் பக்கம்தான். அதனால் ஆசிரியர் ஒருமுறை விளக்கினால் மொத்த வகுப்புக்கும் பொருந்தும்.

ஆங்கிலமும் வகுப்பில் தரும் கால மாற்ற அட்டவணை சொல்கிற அளவுக்குக் கறார் அல்ல. சொன்ன செய்தி இன்னும் உண்மையாக இருந்தால் வினையை மாற்றாமல் விடலாம் என்று மைக்கேல் ஸ்வான் போன்றோரின் இலக்கண நூல்கள் சொல்கின்றன. கப்பல் கிளம்புவதற்கு முன், அதே மாலையில் சொல்வதானால் 'வில்', 'டுமாரோ' இரண்டும் சரியே. தேதி தாண்டிய பிறகுதான் 'வுட்', 'தி நெக்ஸ்ட் டே' தேவைப்படும். நம் வீடுகளில் இருக்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலிலும் விதிவிலக்குகள் இருக்கின்றன. வகுப்பில் மனப்பாடமாவது அட்டவணை மட்டும்.

ஆகவே ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'மாற்றி எழுதுக' என்று தனி வாக்கியத்தைக் கொடுக்காதீர்கள். யார் சொன்னது, எப்போது, எங்கே, இப்போது யார் யாரிடம் திரும்பச் சொல்கிறார் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். கப்பல் அறிவிப்பு ஒன்றைக் காட்டி, இன்று மாலை அம்மாவிடம் சொல்வதுபோல ஒருமுறையும், அடுத்த மாதம் சென்னையில் இருக்கும் சித்தப்பாவிடம் சொல்வதுபோல ஒருமுறையும் எழுதச் சொல்லுங்கள். முதலில் தாய்மொழியில், பிறகு ஆங்கிலத்தில்.