ராயக்கோட்டைக்கு வந்த இரண்டு ஓவியர்கள்

ராயக்கோட்டை என்றதும் பலருக்கும் தக்காளி மண்டிதான் ஞாபகம் வரும். ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாக அந்த மலையைத் தினமும் பார்த்திருப்பார்கள். அந்த மலைக்கோட்டை 1792-ல் எப்படி இருந்தது என்று காட்டும் படம் ஒன்று உண்டு. வரைந்தவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும்.

தாமஸ் ஆரம்பத்தில் சாரட்டு வண்டிகளுக்கு வர்ணம் தீட்டியவர். 1786-ல் இருவரும் கல்கத்தாவில் வந்து இறங்கியபோது வில்லியமுக்கு 16 வயதுதான் (நம் ஊர்க் கணக்கில் ப்ளஸ் ஒன் பையன்!). வடக்கே கங்கைக் கரையிலிருந்து இமயமலை வரை சுற்றிவிட்டு மதராஸ் வந்தார்கள்.

அது மூன்றாம் மைசூர் போர் முடிந்த நேரம். 1791 ஜூலையில் ராயக்கோட்டையை ஆங்கிலேயர் பிடித்திருந்தார்கள். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் முழுவதும் கம்பெனி வசமானது. அடுத்த மாதமே டேனியல்கள் மதராஸிலிருந்து கிளம்பிவிட்டார்கள்.

பல்லக்கு, கூலியாட்கள், மூட்டை முடிச்சு என்று நகர்ந்துகொண்டே இருக்கும் பயணம். எந்த ஊரிலும் நிறைய நாள் தங்க முடியாது. உட்கார்ந்து எண்ணெய் வர்ணத்தில் தீட்டப் பொழுது ஏது? எனவே பென்சிலில் சட்டென்று ஒரு கோட்டுப்படம், முடிந்தால் மேலே லேசாக ஒரு பூச்சு வர்ணம், அவ்வளவுதான். எதிரே உள்ள காட்சியைக் கண்ணாடி வில்லை வழியாகக் காகிதத்தில் விழவைக்கும் பெட்டி ஒன்றும் கையில் இருந்தது. ஓசூர், வீரபத்திரதுர்கம், ஜெகதேவி, ராயக்கோட்டை எல்லாம் அந்தப் பயணத்தில்தான் காகிதம் ஏறின.

இவர்களுக்கு முன்பே, போரின்போது, கோல்புரூக், ஆலன் போன்ற ராணுவ அதிகாரிகளும் இந்தப் பக்கக் கோட்டைகளை வரைந்திருக்கிறார்கள். மதில் எங்கே, சரிவு எந்தப் பக்கம் என்று தெரிவது படைக்கு உயிர்ப் பிரச்சினை. ஆக, இந்தப் படங்களை வெறும் இயற்கைக் காட்சியாக மட்டும் ரசிப்பது பாதி வரலாறுதான்.

1794-ல் டேனியல்கள் இங்கிலாந்து திரும்பினார்கள். 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 படங்களைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள். ராயக்கோட்டைப் படம் வெளிவந்தபோது, அந்த மலையைப் பார்த்துச் சுமார் பத்து வருடம் ஆகியிருந்தது. சந்தேகம் வந்தால் திரும்பி வந்து பார்க்கவா முடியும்? போட்டோ எடுக்கும் முறையே 1839-ல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அவர்களிடம் இருந்ததெல்லாம் அந்த அவசரக் கோடுகள் மட்டுமே. காமர்ஸ் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அன்றன்று குறிப்பேட்டில் பதியாததைப் பிறகு பேரேட்டில் ஏற்ற முடியாது.

வில்லியம் அந்தப் பழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை. 1813 முதல் பிரிட்டன் கடற்கரையைச் சுற்றி வந்து, போகிற இடமெல்லாம் வரைந்து, 308 படங்கள் வெளியிட்டார்.

ராயக்கோட்டை மலை மேல் இப்போது இடிந்த மதில்களும் கட்டடங்களின் மிச்சமும்தான் இருக்கின்றன. பாறை மட்டும் அப்படியே இருக்கிறது. ஏறப்போகிறவர்கள் அந்தப் படத்தின் பிரதி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.