சாக்கோபாரும் கலோரிக் கணக்கும்: ஒரு நூறாண்டுக் கதை

சாக்கோபார் வாங்கியதும் உறையின் பின்பக்கத்தைப் படிப்பவர்கள் மிகக் குறைவு. உருகுவதற்குள் கடிக்க வேண்டுமே! ஆனால் அங்கே பொடி எழுத்தில் இருக்கும் ஊட்டச்சத்துக் கட்டம் அவ்வளவு சுலபமாக வந்துவிடவில்லை. ஐஸ்கிரீம் பார் பிறந்து எழுபது வருடங்களுக்கு மேல் ஆன பிறகுதான், அது பிறந்த அமெரிக்காவிலேயே அந்தக் கட்டம் கட்டாயமானது. அதுவரை தின்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பெயரும் விலையும் ருசியும்தான்.

கதை 1920-ல் அயோவா மாநிலத்தில் ஒனாவா என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே ஒரு மிட்டாய்க் கடை நடத்தியவர் கிறிஸ்டியன் நெல்சன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலையும் பார்த்தவர். ஒருநாள் கடைக்கு வந்த ஒரு சிறுவன் ஐஸ்கிரீம் வாங்குவதா சாக்லேட் வாங்குவதா என்று தடுமாறினானாம். இரண்டும் வேண்டும், ஆனால் கையில் இருந்த காசு ஒன்றுக்குத்தான் போதும். இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன என்று நெல்சனுக்குத் தோன்றியது.

தோன்றியது சுலபம், செய்வது கஷ்டம். சூடான சாக்லேட்டை ஐஸ்கிரீம் மேல் ஊற்றினால் ஐஸ்கிரீம் உருகும். ஆற வைத்து ஊற்றினால் சாக்லேட் ஒட்டாது. பல சோதனைகளுக்குப் பிறகு, கோகோ வெண்ணெயின் அளவைச் சரியாக வைத்தால் பூச்சு ஒட்டிக்கொண்டு உடனே இறுகும் என்று கண்டுபிடித்தார். ஆக, கையில் பிடித்துத் தின்னும் ஐஸ்கிரீமைச் சாத்தியமாக்கியது கொழுப்புதான். பின்னால் வரும் கலோரிக் கணக்குக்கும் மூலகாரணம் அதுவே.

1921-ல் ரஸ்ஸல் ஸ்டோவர் என்பவர் நெல்சனுடன் கூட்டு சேர்ந்தார். பண்டத்துக்கு 'எஸ்கிமோ பை' என்று பெயர் வைத்தார்கள். 1922 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. அந்த வருடமே விற்பனை நாளொன்றுக்குப் பத்து லட்சத்தைத் தொட்டது. (எஸ்கிமோ என்ற சொல் வட துருவப் பகுதி மக்களை இழிவுபடுத்துவதாக எழுந்த எதிர்ப்பால் 2021-ல் அந்தப் பெயர் கைவிடப்பட்டது.) அதே காலத்தில் ஒஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில் ஹாரி பர்ட் என்ற மிட்டாய் வியாபாரி, கை பிசுபிசுக்காமல் இருக்க மரக்குச்சியைச் செருகி 'குட் ஹ்யூமர்' பாரை உருவாக்கினார். சாக்கோபாருக்குக் குச்சி வந்த கதை இது.

1924-ல் எஸ்கிமோ பை நிறுவனத்தை வாங்கியது யார் தெரியுமா? அதைச் சுற்றும் பளபளப்பான தகட்டு உறையைத் தயாரித்த கம்பெனி! உறையே வியாபாரத்தின் முகமாக இருந்தது. அந்த உறை சொல்லாததைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

சாதாரண வெனிலா ஐஸ்கிரீம் 100 கிராமில் சுமார் 200 கலோரி, 11 கிராம் கொழுப்பு, 21 கிராம் சர்க்கரை, மூன்றரை கிராம் புரதம் இருக்கும். கால்சியமும் ஓரளவு உண்டு. அதையே சாக்லேட் பூசிய பாராக எடுத்தால் 100 கிராமுக்குச் சுமார் 330 கலோரி ஆகிவிடும். ஒரு மெல்லிய பூச்சு இவ்வளவு வித்தியாசம் செய்யுமா?

செய்யும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். சர்க்கரையும் புரதமும் கிராமுக்கு 4 தான். சாக்லேட் பூச்சில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. கொழுப்பும் சர்க்கரையும்தான் பெரும்பங்கு. அதனால் 100 கிராமுக்கு 550 கலோரி வரை போகும். உதாரணத்துக்கு, 60 கிராம் பாரில் ஐஸ்கிரீம் 45 கிராம், பூச்சு 15 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஐஸ்கிரீமிலிருந்து சுமார் 93 கலோரி, பூச்சிலிருந்து 82. எடையில் கால் பங்கு, கலோரியில் கிட்டத்தட்டப் பாதி!

சட்டம் எதைப் பார்த்தது?

அமெரிக்காவில் 1960-ல் வந்த ஐஸ்கிரீம் தர நிர்ணயம், குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு வேண்டும் என்றது. இந்திய விதியிலும் அதே 10 சதவீதம்தான். அதோடு லிட்டருக்கு 525 கிராம் எடையாவது இருக்க வேண்டும் என்கிறது இந்திய விதி. காற்றை அடித்து அளவைப் பெருக்கிவிடக் கூடாது என்பதற்காக இது. நல்ல விதிதான். ஆனால் பூச்சு தனிப் பகுதியாக இருந்தால் இந்தத் தரம் உள்ளே இருக்கும் ஐஸ்கிரீமுக்கு மட்டுமே பொருந்தும். பாதிக் கலோரியைச் சுமக்கும் பூச்சு அந்த அளவுகோலுக்கு வெளியே நின்றது.

உள்ளே இருப்பதிலும் ஒரு சிக்கல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல் பிரிட்டன் ஐஸ்கிரீம் தயாரிப்பையே தடை செய்தது. போருக்குப் பின் பாலும் வெண்ணெயும் கிடைக்காத காலத்தில் தாவரக் கொழுப்பு அந்த இடத்தைப் பிடித்தது. அங்கே அதையும் ஐஸ்கிரீம் என்றே விற்கலாம். இந்தியாவில் அப்படி விற்க முடியாது. தாவர எண்ணெயில் செய்தால் 'ஃப்ரோஸன் டெசர்ட்' என்று உறையில் போட வேண்டும். 2017-ல் இது குறித்த ஒரு விளம்பரத்துக்காக அமுல் மீது இந்துஸ்தான் யூனிலீவர் மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஃப்ரோஸன் டெசர்ட் என்றாலே வனஸ்பதி என்று எண்ண வைக்கிறது அந்த விளம்பரம் என்பது புகார். விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது நீதிமன்றம்.

பால் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு. மலிவான பூச்சுகளில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் சேரும் தேங்காய் எண்ணெயில் அது சுமார் 90 சதவீதம். எனவே பால் என்றாலே நல்லது, தாவரம் என்றாலே கெட்டது என்றோ, அதற்கு நேர்மாறாகவோ கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. எண்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கட்டம் வந்தது

அமெரிக்காவில் 1990-ல் நிறைவேறிய சட்டத்தால் 1994 முதல் ஊட்டச்சத்துக் கட்டம் கட்டாயமானது. 2006-ல் அதில் டிரான்ஸ் கொழுப்பு சேர்ந்தது. கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரையைத் தனியாகக் காட்டும் விதி 2020-ல் பெரிய நிறுவனங்களுக்கு அமலானது. இந்தியாவில் 2009-ல் ஊட்டச்சத்து விவரம் கட்டாயமானது. 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

பூச்சையும் உள்ளே இருப்பதையும் சேர்த்து எண்ணிச் சொல்வது இந்தக் கட்டம் மட்டுமே. அதைப் படிப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். பார் பெரும்பாலும் மில்லிலிட்டர் கணக்கில் விற்கப்படுகிறது. கட்டமோ 100 கிராமுக்குப் போடப்பட்டிருக்கலாம். காற்று கலந்த பண்டத்தில் 60 மில்லி என்பது 60 கிராம் ஆகாது.

ஒனாவா சிறுவன் ஐஸ்கிரீமா சாக்லேட்டா என்று திகைத்தான். இன்றைய பாரில் இரண்டும் ஒன்றாகவே கிடைக்கிறது, கலோரியும் இரண்டுக்கும் சேர்த்துத்தான். ஆசைக்கு ஒன்று தின்பதில் தவறில்லை. தின்பதற்கு முன் உறையை ஒருமுறை திருப்பிப் பார்த்தால், எதைத் தின்கிறோம் என்பதாவது தெரியும்.