வாயிற்கட்டணமும் ஆட்டக்காரர் ஊதியமும்: விம்பிள்டன் பார்வையாளர் பற்றிச் சில சிந்தனைகள்

விளையாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வென்றோரின் பெயர்களையும் புள்ளிகளையும் நிரற்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். அரங்கைச் சுற்றி அமர்ந்திருந்தோர் யாவர், அவர்கள் எவ்வாறு உள்ளே வந்தனர், என்ன விலை கொடுத்தனர், எப்போது கைதட்டினர், எப்போது கூச்சலிட்டனர் என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. நாடகத்தின் வரலாற்றை அவையோரை நீக்கி எழுத முடியாதென்பதை இன்று யாவரும் ஒப்புவர். ரெனிஸ் போன்ற ஓர் ஆட்டத்திற்கும் அது பொருந்தும். இக்கட்டுரையில் நாம் இலண்டனின் விம்பிள்டன் சுற்றுப்போட்டியை எடுத்துக்கொள்கின்றோம். அதற்குக் காரணம் உண்டு. 1877 முதல் 1967 வரை அங்கு நடைபெற்ற வருடாந்தப் போட்டியில் ஆடியோருக்குப் பணப்பரிசு கிடையாது. பார்த்தோரோ முதலாண்டிலிருந்தே காசு கொடுத்தனர். இம்முரண்பாட்டை விளங்கிக்கொண்டால் ‘தொழில்முறை’ ரெனிஸ் என இன்று வழங்குவதன் தோற்றத்தையும் ஓரளவு விளங்கிக்கொள்ளலாம்.

1868 ஆம் ஆண்டிலே குரோக்கே என்னும் பந்தாட்டத்துக்கென ஒரு கழகம் இங்கிலாந்தில் நிறுவப்பட்டது. விம்பிள்டனில் வோப்பிள் வீதியை அடுத்த நிலத்தை அது குத்தகைக்கு எடுத்திருந்தது. வோல்ற்றர் குளொப்ரன் விங்ஃபீல்ட் என்னும் இராணுவ அதிகாரி 1874 இல் புற்றரை ரெனிசுக்கு உரிமைப்பத்திரம் பெற்றபின், குரோக்கே விரைவில் மங்கிப்போயிற்று. கழகம் புதிய ஆட்டத்தைத் தன் பெயரோடு இணைத்துக்கொண்டது. 1877 இல் முதற் போட்டி நடத்தப்பட்டதன் உடனடிக் காரணம் மிகச் சாதாரணமானது. மட்டக்குதிரை இழுக்கும் புற்றரை உருளை பழுதடைந்திருந்தது. அதனைத் திருத்தப் பணம் தேவைப்பட்டது. இருபத்திரண்டு பேர் ஆட வந்தனர். ஈற்றனுக்கும் ஹரோவுக்கும் இடையிலான கிரிக்கெற் ஆட்டத்தைக் காண்பதற்கு வசதியாகப் போட்டி இடையில் நிறுத்தப்பட்டதென்பது, இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் வந்தோர் ஒரே கூட்டத்தினரென்பதைத் தெளிவாகக் காட்டுகின்றது. மழையாற் பிந்திய இறுதியாட்டம் யூலை 19 ஆம் நாள், ஒரு வியாழக்கிழமை, நடைபெற்றது. ஏறத்தாழ 200 பேர் தலைக்கு ஒரு சிலிங் கொடுத்துப் பார்த்தனர். அக்காலத்து இங்கிலாந்தில் விவசாயக் கூலியாள் ஒருவனின் நாட்கூலியிற் கணிசமான பங்கு ஒரு சிலிங்காகும். கட்டணம் ஒருபுறமிருக்க, வேலைநாளொன்றின் பிற்பகல் யாருக்கு ஓய்வாக இருந்தது என்பதே இங்கு முக்கியமான கேள்வி.

அமெச்சூர் கோட்பாட்டின் சமூக அடித்தளமும் இதுவே. பணத்துக்காக உடலை உழைப்பிப்பது கனவானுக்கு இழுக்கு; மகிழ்வுக்காக ஆடுவதே சிறப்பு என்பது அக்கோட்பாட்டின் சாரம். நிலவாடகையும் முதலீட்டு வருவாயும் உடையவனுக்கே இவ்வறம் கைகூடும். ஆனால் கோட்பாடு ஆடுவோரை மட்டுமே கட்டுப்படுத்தியது. வாயிலில் வசூலிப்போரைக் கட்டுப்படுத்தவில்லை.

இவ்வுண்மை வெளிப்படையானது முதலாம் உலகப்போரின் பின்னராகும். 1919 இல் பிரான்சு நாட்டின் சுசான் லொங்லென் முதன்முறையாக வென்றார். அவரைக் காண வந்த கூட்டத்தை வோப்பிள் வீதித் திடல் தாங்கவில்லை. 1922 இல் கழகம் சேர்ச் வீதியிலுள்ள இன்றைய இடத்துக்குப் பெயர்ந்தது. புதிய மைய அரங்கில் ஏறத்தாழப் பதினாலாயிரம் பேர் அமரவும் நிற்கவும் இடமிருந்தது. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வேண்டிய பணத்தின் ஒரு பகுதி கடன்பத்திரங்களை விற்றுத் திரட்டப்பட்டது; அவற்றை வாங்கியோருக்கு இருக்கை உரிமை கிடைத்தது. கேட்போர் தொகை இருக்கைகளின் தொகையை விஞ்சவே, 1924 முதல் பொதுமக்களுக்கான அனுமதிச்சீட்டுகள் திருவுளச்சீட்டு முறையிற் பகிரப்படலாயின. இவை யாவும் பெருமளவுக்கு ஒரு பெண்ணின் ஆட்டத்தை மூலதனமாகக் கொண்டு எழுந்தவை. அவருக்கு அதிற் சட்டப்படி ஒரு சதமும் உரித்தன்று. 1926 இல் லொங்லென் அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றுப்பயணமொன்றிற் சேர்ந்து, அவ்வாண்டு ஒற்றோபர் 9 ஆம் நாள் நியூயோர்க்கின் மடிசன் சதுக்க அரங்கில் ஏறத்தாழப் பதின்மூவாயிரம் பேர் முன்னிலையில் ஆடினார். தம் போன்றோரின் உழைப்பிற் கழகங்கள் பொருளீட்டியதை அவர் ஒளிவுமறைவின்றி எழுதவும் செய்தார். பேராசைக்காரி என்று பலர் அவரைத் தூற்றினர். அவ்வாறு தூற்றியோர் கழகங்களின் கணக்கேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்களல்லர்.

பிரெட் பெரியின் கதை இன்னும் கூர்மையானது. பருத்தி ஆலைத் தொழிலாளியாக இருந்து கூட்டுறவு இயக்கத்தினூடாகப் பாராளுமன்றம் சென்றவரின் மகன் அவர். 1934, 1935, 1936 என மூவாண்டுகள் தொடர்ந்து வென்றார். அவையோர் அவரை வியந்தனர். கழகத்தார் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்றனர் எனக் கூறுவதற்கில்லை. 1936 இன் இறுதியில் அவர் தொழில்முறையாளரானதும் கழக உறுப்புரிமை பறிபோயிற்று. 1984 இல் அதே வளாகத்தில் அவருக்குச் சிலை எழுப்பினர்.

இவ்வாறு ரெனிஸ் இரு உலகங்களாகப் பிரிந்தது. தொழில்முறையாளர் ஊர் ஊராகச் சென்று, வாடகை மண்டபங்களிற் கித்தான் விரிப்பின்மேல் ஓரிரவு ஆடிவிட்டு மறுநாள் வேறு நகருக்குப் புறப்பட்டனர். ஜாக் கிரேமர் இக்குழுக்களை நடத்தினார். அமெச்சூர் அரங்கிற் பெயர் பெற்றவரை ஆண்டுதோறும் பணங்காட்டி இழுப்பது அவர் வழக்கம். விம்பிள்டனில் 1960 இலும் 1961 இலும் அரையிறுதி வரை சென்ற சென்னை இராமநாதன் கிருஷ்ணன், அத்தகைய அழைப்பு வந்தும் அமெச்சூராகவே நின்றார். ரொட் லேவர் 1962 இல் நான்கு பெரும் போட்டிகளையும் வென்றபின் பிரிந்து சென்றார். ஆகவே அறுபதுகளில் விம்பிள்டன் சென்ற பார்வையாளர் முழு விலை கொடுத்துக் கண்டது உலகின் தலைசிறந்த ஆட்டத்தையன்று. அமெச்சூர் எனப்பட்டோருள்ளும் பலர் ‘செலவுப்பணம்’ என்ற பெயரில் மறைவாக ஊதியம் பெற்றனர் என்பதும் யாவரும் அறிந்த இரகசியமாக இருந்தது.

இந்நிலை 1967 ஆகஸ்டில் உடைந்தது. எட்டுத் தொழில்முறையாளர் விம்பிள்டன் மைய அரங்கில் ஆடினர். லேவர், கென் றோஸ்வோலை இறுதியில் வென்றார். அப்போட்டிக்குப் பணம் தந்தது பி.பி.சி. வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்பை அந்நிறுவனம் அவ்வாண்டு யூலையிலேதான் விம்பிள்டனைக் காட்டித் தொடங்கியிருந்தது. நேர்மையுணர்வே அமெச்சூர் விதியை வீழ்த்தியது எனக் கூறும் வழமையான விளக்கத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அரங்கிலிருந்த பதினாலாயிரவரிலும் பன்மடங்கான பார்வையாளர் வீடுகளில் இருந்தனர் என்னும் பொருளாதார உண்மை அதனினும் வலிது என்பதே எமது கருத்து. அவ்வாண்டு டிசம்பரில் பிரித்தானியச் சங்கம் அமெச்சூர், தொழில்முறை என்னும் பாகுபாட்டை நீக்க வாக்களித்தது. 1968 மார்ச்சில் சர்வதேசச் சம்மேளனம் பாரிசில் இணங்கியது. ஏப்பிரலில் போண்மத் நகரில் முதலாவது திறந்த போட்டி நடைபெற்றது. அவ்வாண்டு விம்பிள்டனில் லேவர் பெற்றது 2,000 பவுண். பெண்களில் வென்ற பில்லி ஜீன் கிங் பெற்றது 750. இவ்விடைவெளி அங்கு முற்றாக நீங்க 2007 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதே 1968 மே மாதத்தில் இரு வேறிடங்களிற் பார்வையாளர் வரலாற்றின் இரு வேறு பக்கங்கள் எழுதப்பட்டன. பொது வேலைநிறுத்தத்தாற் போக்குவரத்தும் எரிபொருளும் முடங்கியிருந்த பாரிசில், றொலான் கரோஸ் அரங்குக்கு மக்கள் நடந்தும் சைக்கிளிலும் வந்து நிறைந்தனர். சுவீடனின் போஸ்ராட் நகரிலோ, வெள்ளையராட்சி நடந்த ரொடீசியாவுடன் டேவிஸ் கிண்ண ஆட்டம் நடைபெறவிருந்தபோது, ஆர்ப்பாட்டக்காரர் திடலை மறித்து ஆட்டத்தையே நிறுத்தினர். பின்னர் அது பிரான்சின் பந்தோலுக்கு மாற்றப்பட்டது. பார்க்க மறுப்பதும் பார்வையாளரின் ஒரு செயலே. அமெரிக்கக் கறுப்பின வீரர் ஆதர் ஆஷ் 1973 நவம்பரில் யொகனஸ்பேர்க் சென்றபோது, தாம் ஆடும் அரங்கில் இருக்கைகள் நிறவாரியாகப் பிரிக்கப்படலாகாதென நிபந்தனை விதித்தார். வாக்குறுதி கிடைத்தது, அது முழுமையாக நிறைவேறவில்லை. மறு ஆண்டு இந்தியா டேவிஸ் கிண்ண இறுதியாட்டத்தில் தென்னாபிரிக்காவைச் சந்திக்க மறுத்துக் கிண்ணத்தையே விட்டுக்கொடுத்தது. அவ்வணியின் தூண்களாக இருந்தோர் சென்னைச் சகோதரர்களான விஜய், ஆனந்த் அமிர்தராஜ் ஆவர்.

விம்பிள்டன் அவை அடக்கத்துக்குப் பெயர்போனது. பந்து ஆட்டத்திலிருக்கையில் எவரும் பேசுவதில்லை; இருக்கைக்குச் செல்ல வேண்டியவர் ஆட்டக்காரர் பக்கம் மாறும்வரை வாயிலிற் காத்து நிற்பர். உதைபந்தாட்டத் திடலின் ஆரவாரத்தோடு ஒப்பிடுகையில் இது சங்கீத மண்டபத்தின் ஒழுக்கம். ஆயினும் அவ்வொழுக்கம் சில வேளைகளிற் குலைந்தது. 1969 யூன் 24 ஆம் நாள் மாலை, நாற்பத்தொரு வயதான பாஞ்சோ கொன்சாலஸ், சார்ள்ஸ் பசரெலை எதிர்த்து ஆடினார். மெக்சிக்கோ வழிவந்த அமெரிக்கரான அவர், தொழில்முறையாளர் என்பதால் ஏறத்தாழ இருபதாண்டுகள் இவ்வருடாந்தப் போட்டிக்கு வெளியே நின்றவர். முதற் கட்டத்தை 22–24 என இழந்தார். இருள் சூழ்ந்தது, பந்து தெரியவில்லை என முறையிட்டும் நடுவர் ஆட்டத்தைத் தொடரச் செய்தார், அடுத்த கட்டம் 1–6. அவர் சினந்து வெளியேறியபோது அவை ஏளனக் குரலெழுப்பியது. மறுநாள் 16–14, 6–3, 11–9 என அவர் வென்றார். ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம், 112 ஆட்டங்கள். முந்திய மாலை ஏளனஞ் செய்த அதே அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. வயது முதிர்ந்த உழைப்பாளி ஒருவன் தன் களைப்பை வெளியிடுவதை அவை பொறுக்கவில்லை. அதனை மறைத்து வென்றதும் போற்றியது. இது பற்றி எமக்கு அவ்வளவு மகிழ்ச்சியில்லை.

எனினும் பார்வையாளரின் சமூக நிலைப்பாடு மிகத் துலக்கமாகச் சோதிக்கப்பட்ட ஆண்டு 1973 ஆகும். யூகோசிலாவியாவின் நிக்கி பிலிச், நியூசிலாந்துடனான டேவிஸ் கிண்ண ஆட்டத்திற் பங்குபற்ற மறுத்தார் எனக் கூறி அந்நாட்டுச் சங்கம் அவரை ஒன்பது மாதங்களுக்கு இடைநிறுத்தியது. சர்வதேசச் சம்மேளனம் அதை ஒரு மாதமாகக் குறைத்தது. ஆனால் அம்மாதம் விம்பிள்டனை உள்ளடக்கியது. முந்திய ஆண்டே அமைக்கப்பட்டிருந்த ஆண் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் பிலிச்சின் பக்கம் நின்றது. 81 பேர் போட்டியிலிருந்து விலகினர். தரவரிசையிடப்பட்ட பதினாறு பேரில் பதின்மூவர் அவர்களுள் அடங்குவர். தனித்தனியே ஒப்பந்தஞ் செய்து வாழ்ந்தோர், நடப்பு வெற்றியாளர் ஸ்ரான் ஸ்மித் உட்பட, ஒருவருக்காக ஒன்றாக நின்றனர். அவர்களிற் செல்வர் இருந்தனர் என்பதால் அச்செயலின் தொழிற்சங்கத் தன்மை குன்றிவிடாது.

பொதுமக்கள் என்ன செய்தனர்? பத்திரிகைகளிற் பல ஆட்டக்காரரைச் சாடின. மக்களோ வழமைபோல் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு வந்தோர் தொகை மூன்று இலட்சத்தைத் தாண்டி, அதுவரை பதிவானவற்றுள் இரண்டாவது உயர் எண்ணிக்கையாயிற்று. விலகாது ஆடிய பிரித்தானியர் றொஜர் ரெய்லருக்கு அரங்கம் பெருங் கரவொலி எழுப்பியது. அவர் ஷெஃபீல்ட் உருக்குத் தொழிலாளி ஒருவரின் மகன் என்பது இக்கதையின் கசப்பான முரண்நகை. சங்கத்திற் சேராத விஜய் அமிர்தராஜ் காலிறுதியில் யான் கோடேசிடம் ஐந்தாம் கட்டத்தில் 5–7 எனத் தோற்றார். கோடேசே பின்னர் பட்டம் வென்றார். வந்த மூன்று இலட்சத்தவரையும் கருங்காலிகள் என ஒதுக்குவது எளிது. அது வரலாற்று விளக்கமாகாது. அவர்கள் வாங்கியது குறித்த ஆட்டக்காரரைக் காணும் உரிமையையன்று. ஓர் இடத்துக்குச் செல்லும் உரிமையை, கோடை நாளொன்றை, பச்சைப் புற்றரையை, தாமும் அதன் பங்காளிகள் என்னும் உணர்வை. இந்த விசுவாசத்தைக் கழகம் அரை நூற்றாண்டாகச் சேமித்து வைத்திருந்தது. ஆட்டக்காரரிடம் அத்தகைய சேமிப்பு இருக்கவில்லை. சங்கம் தற்காலிகமாக மக்களிடம் தோற்றது; ஆயினும் ஆட்டக்காரரைத் தேசியச் சங்கங்கள் தம் விருப்பப்படி தடுக்கும் அதிகாரம் அதன்பின் நிலைபெறவில்லை.

மைய அரங்கில் நின்று பார்க்கும் பகுதி, 97 பேரைப் பலிகொண்ட 1989 ஹில்ஸ்பரோ அனர்த்தத்தின் பின் வந்த பாதுகாப்பு ஏற்பாடுகளோடு, 1990 இல் இருக்கைகளாக்கப்பட்டது. பாதுகாப்பின் தேவையை மறுப்பதற்கில்லை. மலிவாக நின்று பார்த்தோர் அதனால் இடமிழந்தனர் என்பதும் உண்மை. இன்று சாதாரண மனிதர் உள்ளே செல்ல இரு வழிகளே பிரதானமானவை: ஒன்று திருவுளச்சீட்டு, மற்றது வரிசை. வரிசையில் நிற்போர் விம்பிள்டன் பூங்காவிற் கூடாரமடித்து இரவைக் கழிக்கின்றனர். ஒவ்வொருவருக்கும் இலக்கமிட்ட அட்டை வழங்கப்படுகின்றது. ஒருவருக்கு ஒரு சீட்டே. கடன்பத்திரமும் இன்றுவரை வாழ்கின்றது. 2026–2030 காலப்பகுதிக்கு மைய அரங்கின் ஏறத்தாழ 2,500 இருக்கைகள், இருக்கையொன்றுக்கு 116,000 பவுண் வீதம் விலை குறிக்கப்பட்டன. இச்சீட்டுகளை மட்டும் உரியவர் பகிரங்கமாக மறுவிற்பனை செய்யலாம். இரவெல்லாம் புல்லிற் கிடந்து பெற்ற சீட்டை விற்பது விதிமீறல்.

1991 யூன் 30 ஆம் நாள் இவ்வொழுங்கு ஒரேயொரு நாள் தலைகீழாயிற்று. மழையால் ஆட்டங்கள் தேங்கியமையால், மரபாக ஓய்வுநாளான நடு ஞாயிறன்று முதன்முறையாகப் போட்டி நடத்த நேர்ந்தது. முன்பதிவுக்கு நேரமில்லை. மைய அரங்கச் சீட்டு பத்துப் பவுண். முதலில் வந்தோருக்கு முதலிடம். மைல் நீள வரிசையில் நின்று உள்ளே ஓடிவந்தோர் இருக்கைகளை நிரப்பினர். கப்ரியேலா சபற்றீனி அரங்கினுள் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கண்டு அவரே திகைத்தார். கைகளை உயர்த்தி அலையலையாக எழுந்தமரும் உதைபந்தாட்டக் கூட்டத்தின் வழக்கம் மைய அரங்கிற் புகுந்தது. ‘மக்கள் ஞாயிறு’ என அதற்குப் பெயராயிற்று. 1997, 2004, 2016 ஆகிய ஆண்டுகளிலும் மழை காரணமாக நடு ஞாயிறில் ஆட்டம் நடந்தது. 2022 முதல் அது வழமையான ஆட்டநாளாக்கப்பட்டுள்ளது. அந்நாளின் இருக்கைகளும் ஏனைய நாட்களைப் போன்றே பெரும்பாலும் முன்கூட்டியே பகிரப்பட்டுவிடுகின்றன.