ஓடும் தகட்டை வெட்டும் பொறிகளும் திண்டுக்கல் பூட்டும்

பழனி வட்டம் கீரனூர் போன்ற சிற்றூர்களின் கடைவீதியில் காலையில் கேட்கும் முதல் ஓசை இரும்பு ஷட்டரைத் தூக்கும் ஓசைதான். அந்த ஷட்டரின் ஒவ்வொரு பட்டையும் சுருளாக வந்த தகட்டிலிருந்து உருளைகளுக்கிடையே வளைந்து, தேவையான நீளத்தில் வெட்டப்பட்டது. அதன் அடியில் தொங்கும் பூட்டோ, பழைய திண்டுக்கல் பூட்டாக இருந்தால், ஒரு தொழிலாளியின் கையில் அரம்பட்டு உருவானது. ஒரே கதவில் இருக்கும் இவ்விரண்டு பொருள்களும் உலோகத்தை வெட்டும் தொழிலின் இரண்டு காலங்களைச் சேர்ந்தவை. இவ்விரண்டு காலங்களும் எங்கே பிரிந்தன என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

பூட்டு செய்தவரே பிரஸ்ஸும் செய்தார்

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது பிரான்ஸ் நாட்டு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கண்ட விதி. 1 சதுர செ.மீ. பரப்புள்ள சிறிய பிஸ்டனை 10 கிலோ எடையால் அழுத்தினால், அதனுடன் இணைந்த 100 சதுர செ.மீ. பிஸ்டன் 1000 கிலோவைத் தாங்கும். ஆனால் சிறிய பிஸ்டன் 100 செ.மீ. இறங்கினால்தான் பெரியது 1 செ.மீ. உயரும். விசையில் பெறும் லாபத்துக்குத் தூரத்தில் விலை கொடுக்க வேண்டும்.

இந்த விதியைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா (1748–1814). இவர் 1795இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பே, 1784இல், இவர் காப்புரிமை பெற்ற பொருள் ஒரு பூட்டு! அதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று லண்டன் பிக்காடில்லியிலிருந்த தம் கடையில் அறிவித்திருந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் அது யாருக்கும் திறக்கவில்லை. 1851இல் அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்தார்.

அந்தப் பூட்டின் உறுப்புகள் மிகத் துல்லியமாக அமைய வேண்டியிருந்தன. கைவேலையில் அது கடினமாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தது. எனவே பிராமாவின் பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லே, பூட்டு உறுப்புகளைச் செய்வதற்கென்றே பொறிகளை அமைத்தார். பிரஸ்ஸில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் தோல் வளையத்தைச் சரிசெய்த பெருமையும் மாட்ஸ்லேக்கே தரப்படுகிறது. லண்டனில் பொறிகள் பிறக்கப் பூட்டே ஒரு காரணமாயிற்று.

நிற்கும் தகடும் ஓடும் தகடும்

தகட்டில் துளையிட மேலே பஞ்ச், கீழே டை என்னும் இரு கருவிகள் வேண்டும். தேவையான விசையைக் கணக்கிடுவது எளிது. துளையின் சுற்றளவு, தகட்டின் தடிப்பு, உலோகத்தின் வெட்டு வலிமை ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். 2 மி.மீ. தடிப்புள்ள இரும்புத் தகட்டில் 20 மி.மீ. விட்டமுள்ள துளை போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெட்டு வலிமையைச் சதுர மி.மீ.க்கு 350 நியூட்டன் எனக் கொண்டால் சுமார் 44,000 நியூட்டன் விசை வேண்டும். இது ஏறத்தாழ நாலரை டன் எடைக்குச் சமம். உளியும் சுத்தியலும் கொண்டு இதைச் செய்பவர் பல அடிகளில் செய்வதைப் பிரஸ் ஒரே அழுத்தில் முடிக்கிறது.

1840களில் வேல்ஸ் நாட்டில் கான்வே பாலம் கட்டியபோது, அதன் தகடுகளில் ஏராளமான ஆணித் துளைகள் வேண்டியிருந்தன. ரிச்சர்டு ராபர்ட்ஸ் அதற்காக ஒரு துளையிடும் பொறியை அமைத்தார். எந்தப் பஞ்ச் இறங்க வேண்டும் என்பதை, காஞ்சிபுரத்து நெசவாளர்கள் இன்று நன்கறிந்த ஜக்கார்டு முறை முடிவு செய்தது.

பிற்காலத்தில் தகடு நீண்ட சுருளாக வரத் தொடங்கியதும் புதிய சிக்கல் எழுந்தது. தகடு நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் ஓடினால் நொடிக்கு 50 செ.மீ. நகரும். பஞ்ச் இறங்கி ஏற 0.4 நொடி ஆனால், அதற்குள் தகடு 20 செ.மீ. போய்விடும். பஞ்ச் அசையாமல் நின்றால் தகடு கிழியும் அல்லது பஞ்ச் முறியும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பிரஸ்ஸுக்கு முன் தகட்டைத் தொட்டில்போலத் தளர்வாகத் தொங்கவிட்டு, பிரஸ்ஸுக்குள் மட்டும் நின்று நின்று செல்ல வைப்பது. மற்றொன்று, டையையே தண்டவாளத்தில் ஓடவிடுவது. டை தகட்டின் வேகத்தை எட்டிப் பிடித்து, அதனுடன் ஓடியபடியே துளையிட்டோ வெட்டியோ விட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பும். ஓடும் பேருந்தில் ஏறுபவர் சற்று தூரம் உடன் ஓடுவதைப் போன்றதுதான் இது.

திண்டுக்கல்லின் வழி

திண்டுக்கல்லில் பூட்டுத் தொழில் ஒன்றரை நூற்றாண்டு பழமையானது என்பர். சங்கரலிங்காச்சாரி சகோதரர்கள் அதைத் தொடங்கியதாகக் கூறப்படுகிறது. நாகல்நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி முதலிய இடங்களில் இத்தொழில் வளர்ந்தது. மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு பெயர் பெற்றது. தகட்டை வெட்டி, துளையிட்டு, லீவர்களை ஒவ்வொன்றாகச் சாவிக்கு ஏற்ப அரத்தால் தேய்த்துப் பொருத்துவர். ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது.

பொறியின் பலமோ நேர்மாறானது. ஒரே டையில் வெட்டிய ஆயிரம் தகடுகளும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் விலை குறையும். அலிகாரிலிருந்து வந்த மலிவான பூட்டுகளோடு திண்டுக்கல் கைப்பூட்டு விலையில் போட்டியிட முடியவில்லை. தொழிலாளர் எண்ணிக்கை குறைந்தது. இளைஞர்கள் வேறு வேலைகளுக்குச் சென்றனர். 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தமும் அதே மாதத்தில்தான் அதைப் பெற்றது. ஆனால் குறியீடு பெயரைக் காக்குமே தவிர, பூட்டை வாங்குபவரைக் கொண்டுவந்து தராது.

விரல்களின் கணக்கு

பொறியின் மலிவுக்கு வேறொரு விலையும் உண்டு. பறக்கும் சக்கரத்தில் இயங்கும் பழைய வகை பவர் பிரஸ்ஸை ஒருமுறை மிதித்துவிட்டால், சுற்று முடியும்வரை நிறுத்த முடியாது. தகட்டைச் சரிசெய்ய உள்ளே போன விரல் தப்பாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 21ஆம் பிரிவில், பொறிகளின் ஆபத்தான பகுதிகளுக்கு வேலி அமைக்கக் கட்டளையிட்டது. ஹைட்ராலிக் பிரஸ்ஸை நடுவழியிலும் நிறுத்தலாம். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் இறங்கும்படியும் அமைக்கலாம். ஆனால் வேலை வேகமாக நடக்க ஒரு பொத்தானைக் கட்டிவைக்கும் இடத்தில் இந்தப் பாதுகாப்பு பயனற்றுப் போகிறது. தொழிற்பயிற்சி நிலையத்துக்குச் செல்லும் மாணவர் டன் கணக்கைக் கற்பதற்கு முன் இதைக் கற்க வேண்டும்.

கைத்தொழிலும் பொறியும் ஒன்றுக்கொன்று பகையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பூட்டின் உடற்தகட்டைப் பிரஸ்ஸில் வெட்டி, லீவரையும் சாவியையும் மட்டும் கையால் பொருத்தினால், தொழிலாளியின் உடலுழைப்பு குறையும். பூட்டின் தனித்தன்மையும் மாறாது. பூட்டுக்காகவே பொறிகளை அமைத்த பிராமாவின் பட்டறையும் இப்படித்தான் தொடங்கியது. திண்டுக்கல்லில் அரம் பிடிக்கத் தெரிந்த கைகள் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.